சம்பந்திக்கு ஒரு போத்தல் கடல்

சம்பந்தி,

அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில், மிளகாய்த்தூள் டின்னை ஒட்டி ஒரு சோடாப் போத்தல் நிற்கிறது. கடதாசியைச் சுருட்டி வாயை அடைத்து வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர்தான், ஆனால் வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நேற்று எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரி தாகத்துக்கு எடுத்து வாயில் வைத்துவிட்டு, வாசல்வரை துப்பிக்கொண்டே ஓடினாள். "என்னத்த ஆயா புடிச்சு வச்சிருக்கீங்க, கழனித்தண்ணி கூட இப்படி இருக்காதே" என்று கேட்டாள். அவள் திறந்த போத்தலை மூடப் போனபோது லேசாக ஒரு கருவாட்டு வாசம் மூக்கில் ஏறியது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் முகர்ந்தெல்லாம் பார்த்திருக்க மாட்டீர்கள், நேராக நாக்கைத்தான் நீட்டியிருப்பீர்கள்.

நம் இருவருக்கும் ஆரம்பமே சரியில்லை. உங்கள் மகள் புஷ்பத்தை என் மகனுக்குக் கட்டிய அன்று, பந்தியில் முதல் வாய் வைத்ததுமே, "சாம்பார்ல உப்பு போட மறந்துட்டீங்க போல, சம்பந்தி" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னீர்கள். கல்யாண வீட்டில் பேசுகிற பேச்சா அது? வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபிறகு ஒற்றை ஆளாக நின்று நடத்திய கல்யாணம். எனக்கு ரோஷம் தலைக்கு ஏறிவிட்டது. பல மாதம் உங்களோடு பேசவில்லை. நீங்கள் தேயிலை மலையில் கொழுந்துக்காரி, நான் வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பிராவில் பார்த்துக்கொள்கிற ஆயா. ஒரே தோட்டத்தில் கண்ணில் படாமல் இருக்க முடியுமா? எதிரே வந்தால் நான் கழுத்தைத் திருப்பிக்கொள்வேன். நீங்களோ என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவீர்கள், அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அப்படி இருக்கையில் ஒருநாள் மத்தியானம், கூடையை முதுகிலிருந்து இறக்காமலேயே பிள்ளைக்காம்பிரா வாசலில் வந்து நின்றீர்கள். சண்டைக்குத்தான் வருகிறீர்கள் என்று நானும் சேலையை இழுத்துச் செருகினேன்.

"சம்பந்தி, இந்தக் கோச்சி எங்க போயி முடியுது?" என்று கேட்டீர்கள்.

"பதுளையில."

"முடியுதுன்னா எப்படி முடியும்? தண்டவாளம் அப்படியே நின்னுடுமா, இல்ல மண்ணுக்குள்ள போயிருமா?"

யோசித்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து கோச்சிச் சத்தம் கேட்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. தெரியாது என்று சொல்வதற்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கும் தெரியல. போயா லீவுக்கு வாங்க, போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்" என்று நீங்களே சொன்னீர்கள்.

"தோட்டத்துல வேற ஆளே இல்லையா உங்களுக்கு?"

"மத்தவளுகளக் கூப்புட்டா எதுக்குன்னு கேப்பாளுக. நீங்க கோவக்காரி. ஆனா எதுக்குன்னு கேக்க மாட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டு, நிலாக் கணக்குப் பார்த்துப் போயாவுக்குப் போயா லீவு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கொஸ்லந்தவில் பஸ் ஏறி, பெரகல சந்தியில் இறங்கி, அப்புத்தளைக்கு ஏறிக் கோச்சியைப் பிடித்தோம். பண்டாரவளை தாண்டியதும் நமக்குத் தெரிந்த ஊர்கள் தீர்ந்துபோயின. தெமோதரையில் வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கிற குகைக்குள் நுழைந்தபோது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "இப்பத்தான மேல நின்னோம், இப்ப அதுக்கே அடியில போறோம். எந்தப் புண்ணியவான் யோசிச்சான் இத?" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். எதிரே இருந்த ஆள் நம்மைப் பார்த்துச் சிரித்தான். உங்களுக்கு அதெல்லாம் கணக்கிலேயே இல்லை.

பதுளையில் கடைசித் தண்டவாளம்வரை நடந்து போய்ப் பார்த்தோம். மண்ணைக் குவித்து, குறுக்கே ஒரு பெரிய கட்டையைப் போட்டிருந்தார்கள். கட்டைக்கு அந்தப் பக்கம் புல் முளைத்து, ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது. நீங்கள் அந்தக் கட்டையில் உட்கார்ந்து, பெரிய காரியம் முடித்தவர்போலக் காலை நீட்டிக்கொண்டீர்கள். அப்போதுதான் காரணத்தைச் சொன்னீர்கள்.

உங்கள் வீட்டுக்கார அண்ணன் முன்பே இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதிப் போட்டிருந்தார். பாஸ்போட் வந்துவிட்டால் நீங்களும் அண்ணனும் சின்னப் பையன்களும் கிளம்பவேண்டியதுதான். என் வீட்டுக்காரர் இங்கேயே இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர். அதனால் என் மகனைக் கட்டிய புஷ்பம் இங்கே தங்கிவிடுவாள். இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது நீங்கள் அடுத்துச் சொன்னது.

"அங்க போயி ஒருத்தி கேப்பா, நீ பொறந்த நாடு எப்படி இருக்கும்னு. நான் என்ன சொல்ல? லயம் இருக்கும், பெரட்டுக்களம் இருக்கும்னா? அம்புட்டுத்தான் பார்த்திருக்கேன், சம்பந்தி. அனுப்புறதுன்னா அனுப்பட்டும். பார்க்காமப் போக மாட்டேன்."

அழுகிற குரலில் சொல்லவில்லை. கடைக்காரனிடம் நிறுவை சரியில்லை என்று சொல்வதுபோலச் சொன்னீர்கள். பிறகு எழுந்து ஸ்டேஷன் குழாயில் ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். "மலையிலருந்து வர்ற நம்ம பீலித் தண்ணி மாதிரி இல்ல. இரும்பு வாசம் அடிக்குது, கடைசில கொஞ்சம் இனிக்குது. நீங்களும் குடிங்க" என்றீர்கள். குடித்தேன். "தண்ணி தண்ணி மாதிரித்தான் இருக்கு" என்றேன். "உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு. சாம்பார்லயே தெரிஞ்சுது" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது.

அப்படித் தொற்றிக்கொண்டது அந்தப் பைத்தியம். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலை அந்த ஊர்த் தண்ணீரை வாயில் வைப்பது. பண்டாரவளைச் சந்தைக் குழாய், எல்லவில் பாறையிடுக்கில் வடிகிற ஊற்று, தியலும அருவிக்கு அடியில் தெறிக்கிற சாரல். துன்ஹிந்த அருவிக்கு இறங்கிய அன்று படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டித் தண்ணீர் பிடித்தீர்கள். பதுளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் துணிக்கடைக்காரர் நாம் குடிக்கக் கேட்டதும், செம்பை நீட்டி, "உட்காந்து குடிங்கம்மா" என்றார். நீங்கள் குடித்துவிட்டு, "இது கெணத்துத் தண்ணி, கிட்டத்துலயே வேப்பமரம் நிக்குது" என்றீர்கள். பின்வாசலைத் திறந்து காட்டினார். கிணறு இருந்தது, வேப்பமரத்தைக் காணோம், கொய்யா மரம் நின்றது. "பரவாயில்ல, மரம்னு சொன்னேன்ல" என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

தோட்டத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. பேரன் எடுக்கிற வயதில் ஊர் சுற்றுகிறாளுகள் என்று லயத்துக்கு லயம் பேசினார்கள். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் வைத்தே கங்காணி, "ரெண்டு சம்பந்தியும் அடுத்த போயாவுக்குச் சீமைக்கா?" என்று கேட்டார். "டிக்கட் எடுத்துக் குடுங்க கங்காணி, துரைமார் ஊட்டுத் தண்ணி எப்படின்னு பார்த்துட்டு வந்து சொல்றோம்" என்றீர்கள். பெரட்டே சிரித்தது. அண்ணன் மட்டும் முணுமுணுத்தார், ஆனால் நாம் கிளம்புகிற காலையில் ரொட்டியைத் துணியில் சுற்றிக் கையில் கொடுப்பவரும் அவர்தான்.

கடலுக்குப் போகவேண்டும் என்று நீங்கள் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நம் மேல்மலையிலிருந்து பார்த்தால், தெற்கே தாழ்வில், காடெல்லாம் தாண்டி, ஒரு தகரத் துண்டு கிடப்பதுபோல மினுமினுக்கும். அதுதான் கடல் என்று நம் அம்மாமார் காட்டினார்கள், நாமும் நம் பிள்ளைகளுக்குக் காட்டினோம். ஆடி அமாவாசையில் ஆண்கள் கோயிலில் செய்யவேண்டியதைச் செய்வார்கள். கொழுந்துக்காரிகள் மேல்மலைப் பாறையில் நின்று, அந்த மினுமினுப்பைப் பார்த்துக் கும்பிட்டு, செம்புத் தண்ணீரை ஊற்றுவோம். கடல் கடந்து வந்தவர்களுக்கும், வரும் வழியிலேயே செத்தவர்களுக்கும் தாகம் தீரட்டும் என்று. வேறு தோட்டங்களில் இந்த வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

வெல்லவாயவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து தெற்கே போகிற இன்னொரு பஸ். கதிர்காமத்துக்குப் போகிற நம் சனம் புத்தல பக்கம் திரும்பிவிடுவதால் அந்தப் பாதையில் நம் தோட்டத்தார் யாரும் போனதில்லை. விடியக் காலைக் குளிருக்கு இரண்டு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினோம். கீழே இறங்க இறங்க வெயில் உரித்தது. கழற்றிய கம்பளிகளைத் தலையில் சும்மாடாக வைத்துக்கொண்டு, மரங்களுக்கு இடையில் தண்ணீர் பளபளத்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினோம். நீங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னே ஓடினீர்கள். நாற்பதைத் தாண்டிய பெண் ஓடுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கரையில் போய் நின்றோம். பெரிய தண்ணீர்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓரத்தில் தாமரை பூத்திருந்தது. நடுவில் பட்ட மரங்கள் நின்றன. கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்துகொண்டு எருமைகள் அசைபோட்டன.

"ஏன் சம்பந்தி, கடல்ல எருமை குளிக்குமா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

நீங்கள் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தீர்கள். வழக்கம்போலக் கண்ணை மூடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"உங்க ஊட்டுக் கல்யாண சாம்பார் மாதிரியே இருக்கு. உப்பே இல்ல."

அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த சிங்களப் பெண்ணிடம், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், இது கடலா என்று கேட்டேன். அவள் துவைகல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இது குளம், அந்தக் காலத்து ராசா கட்டிய குளம், கடல் இன்னும் எவ்வளவோ தூரம் என்று தெற்கே கையைக் காட்டினாள். பிறகு நம் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. வீட்டுக்குக் கூட்டிப்போய் மரவள்ளிக்கிழங்கு அவித்து, தேங்காய்ப்பூ போட்டுக் கொடுத்தாள். தொடர்ந்து போனால் மறுநாள் பெரட்டுக்கு வந்து சேர முடியாது. அடுத்த போயாவுக்கு நேரே கடலுக்குத்தான் என்று பேசிக்கொண்டு திரும்பினோம்.

மலையேறும் பஸ்ஸில்தான் நீங்கள் அழுதீர்கள். "இத்தன வருசமா ஒரு கொளத்தையா கும்புட்டேன்? எங்க அம்மாவுக்கு ஊத்துன தண்ணியெல்லாம் எங்க போயிருக்கும்?" என்று கேட்டீர்கள். கம்பளியை எடுத்து உங்கள் மடியில் போட்டேன்.

மறுநாள் பிள்ளைக்காம்பிராவுக்கு ஆள் அனுப்பி என்னை மேல்மலைக்கு வரச் சொன்னீர்கள். பாறையில் நின்று, ஒரு கண்ணைச் சுருக்கி, விரலைப் படுக்கையாக நீட்டிப் பிடித்திருந்தீர்கள். "இங்க பாருங்க. மினுங்குறது கொளம். அதுக்கு ஒரு வெரல் மேல, வானத்து ஓரத்துல, நூல் மாதிரி வெளுப்பாத் தெரியுதா? அது மூட்டம்னு நெனச்சோம். மூட்டம்னா காத்துக்கு அசையணும்ல. காலையிலருந்து பார்க்குறேன், அசையவே இல்ல. அதுதான் சம்பந்தி."

பார்த்தேன். இருந்தது. எத்தனை காலமாகக் கண்ணுக்கு நேரே கிடந்திருக்கிறது.

நீங்கள் அதை மறைக்கவும் இல்லை. கொழுந்துக்காரிகள் எல்லாருக்கும் சொன்னீர்கள். கொஞ்ச நாள் நம்மைக் 'கொளத்துச் சம்பந்திகள்' என்று கேலி செய்தார்கள். ஒருத்தி, அப்படியென்றால் இத்தனை வருடம் ஊற்றியது வீணா என்று கோபமாகவே கேட்டாள். "கும்புட்டது கும்புட்டதுதான்டி. தண்ணி தண்ணியோட போயிச் சேந்துக்கும், அதுக்கு வழி தெரியும். இனிமே ஒரு வெரல் மேல பார்த்து ஊத்துவோம்" என்றீர்கள். அந்த ஆடியிலிருந்து அப்படித்தான் ஊற்றுகிறோம். புதிதாக வேலைக்குப் பேர் பதிந்த பெண்களுக்கும் விரலை நீட்டிக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

அடுத்த போயாவுக்குள் பாஸ்போட் வந்துவிட்டது. தோட்டத்துக் கந்தோருக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் அலைவதிலேயே நாட்கள் போயின. கடல் தள்ளிப்போனது. அப்புத்தளை ஸ்டேஷனில் நின்ற கூட்டம் முழுவதும் ஒப்பாரி. புஷ்பம் உங்கள் கழுத்தைவிட்டுக் கையை எடுக்கவில்லை. மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். "கொஞ்சம் உப்புக் கூடப் போட்டுச் சமைங்க சம்பந்தி, அவளுக்கு ருசி பழகுன நாக்கு" என்றீர்கள். வண்டி அசைந்ததும் ஜன்னல் வழியாக, "போற வழியெல்லாம் கடலுதானே, கையை விட்டுக் குடிச்சுப் பார்த்துட்டு எழுதுறேன்" என்று கத்தினீர்கள். அழுதுகொண்டிருந்த முகத்தில் அந்த ஆவல் மட்டும் அப்படியே இருந்தது.

எழுதவும் செய்தீர்கள், பையனை விட்டு. நீலகிரியில் மறுபடியும் தேயிலைதானாம், மலைமட்டும் வேறாம். "கப்பல் மாடிவீடு மாதிரி உசரம், கை எட்டல. எறங்குன எடத்துல வரிசையில நிறுத்துனாங்க, அப்புறம் முகாம், அப்புறம் லாரி. கடல் பக்கம் திரும்பவே விடல. நீங்க எப்படியும் போவீங்க. குடிச்சுப் பார்த்துட்டு ருசியச் சொல்லுங்க." வாசித்துக் காட்டிய புஷ்பம் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். கடல்மேலேயே போனீர்கள், ஒரு வாய் குடிக்கக் கிடைக்கவில்லை.

பிறகு மாவுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது. புஷ்பத்துக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். உங்கள் பெயரை ஒருத்திக்கு வைத்திருக்கிறாள், அது உங்களுக்குத் தெரியும். போயா லீவு மறுபடி ஞாயிறு லீவாகிவிட்டது. நான் பக்கத்து ஊர்களுக்குப் போவதை மட்டும் விடவில்லை. போன இடத்திலெல்லாம் குடித்துப் பார்த்தேன். இரும்பு வாசமும் இலை வாசமும் இப்போது எனக்கும் கொஞ்சம் பிடிபடுகிறது. வேப்பமரம் சொல்கிற அளவுக்கு வரவில்லை.

சித்திரையில், நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று நீலகிரியிலிருந்து அந்தச் செய்தி வந்தது. புஷ்பம் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். "கெளம்பு, கடலுக்குப் போவோம்" என்றேன். உங்கள் மகள்தானே, எதுக்கு என்று கேட்கவில்லை.

எல்லாம் கூடிவந்தது போன வாரம்தான். அம்பாந்தோட்டைக்குப் போகும் வழியில் அந்தக் குளத்தை பஸ்ஸிலிருந்து காட்டினேன். எருமைகள் இன்னும் குளிக்கின்றன. கடலைச் சத்தத்தால்தான் முதலில் தெரிந்துகொண்டோம். மணல்மேட்டில் ஏறிப் பார்த்தபோது என் கால் தானாக நின்றுவிட்டது. குளத்துக்கு அந்தப்பக்கக் கரை இருந்தது, சம்பந்தி. இதற்கு இல்லை. இவ்வளவையும் ஒரு நூல் அளவுக்குப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். ஓரமாகக் கால் நனைக்கலாம் என்று போனவளை ஓர் அலை இடுப்புவரை நனைத்துவிட்டது. புஷ்பம் என்னைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சித்திரைக்குப் பிறகு முதல் சிரிப்பு. ஒரு கை அள்ளிக் குடித்தாள், துப்பினாள், மறுபடியும் அள்ளினாள். "அம்மா இந்தத் தண்ணி மேலயா போனாங்க, அத்தை?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நானும் குடித்தேன். உப்பு என்பது எந்த நாக்குக்கும் தெரியும். அதற்குப் பின்னால் ஒன்று வருகிறது, கசப்பா துவர்ப்பா, தொண்டையில் கொஞ்ச நேரம் நிற்கிறது. உங்களுக்கு எழுதுகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை. நின்று யோசித்துப் பார்த்துவிட்டு, என் நாக்கை நம்பி ஆகாது என்று போத்தலை நிரப்பிக்கொண்டேன்.

நாளைக்கு ஆடி அமாவாசை. காற்று மூட்டத்தைத் தள்ளிவிட்டது, பளிச்சென்று தெரியும். கடல் கடந்து போனவர்களில் இந்த வருடம் நீங்களும் ஒருவர். எல்லாரும் செம்பில் பீலித் தண்ணீர் கொண்டுவருவார்கள். நானும் புஷ்பமும் இந்தப் போத்தலைக் கொண்டு போகிறோம். தாகத்துக்கு உப்புத்தண்ணீர் ஊற்றியவள் இந்தத் தோட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், பேசுகிறவர்கள் பேசட்டும். பாறையில் ஏறி, ஒரு விரல் மேலே பார்த்து ஊற்றுவேன். இந்தமுறை கை எட்டும், சம்பந்தி. கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பாருங்கள். உப்பு போதுமா என்று சொல்லுங்கள்.